பாதிப் பணத்தில் முழுக் காடு: யானை வேட்டையைத் தடுக்க எதற்கு முதலில் செலவிடுவது?

ஒரு வனக் கோட்டம் ஆண்டுத் திட்டத்தில் கேட்ட தொகையில் பாதிதான் வருகிறது. அந்தப் பாதியும் ஏப்ரலில் வருவதில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, போன ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்து, முதல் தவணை மாநிலக் கருவூலம் வழியாக இறங்கி வருவதற்குள் தென்மேற்குப் பருவமழை பாதி கழிந்துவிடும். கடைசித் தவணை நிதியாண்டின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு, மார்ச் முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையில் யானைக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி எவரிடமாவது இதைச் சொன்னால், ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்றுதான் கேட்பார்.

இந்த நிலையில் கையில் இருப்பதை எதில் போடுவது? காவலர் முகாமிலா, துப்பறிந்து வழக்கு நடத்துவதிலா, பழைய வேட்டைக்காரர்களையே காவலுக்கு நிறுத்தும், கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் காட்டிய வழியிலா, கேமராவிலா? நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கும் எங்காவது ஓரிடத்தில் பலன் தந்தவைதான். அதனால் எது நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தால் விவாதம் முடியாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் வேறு: பணம் நின்றுபோகும் மாதத்தில் இந்த ஏற்பாடு என்ன ஆகும்?

வேட்டை இன்னும் ஆபத்துதானா?

வீரப்பன் 2004இல் கொல்லப்பட்டதோடு தந்த வேட்டை முடிந்துவிட்டது என்று தமிழ்நாட்டில் பலர் நினைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் புள்ளிவிவரமும் அதையே சொல்கிறது. 2024இல் ஒன்றிய அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நாட்டில் 528 யானைகள் இயற்கைக்கு மாறான காரணங்களால் இறந்தன. மின்சாரம் தாக்கி 392, ரயிலில் அடிபட்டு 73, வேட்டையாடப்பட்டு 50, நஞ்சால் 13. வெறும் ஐம்பதுக்காக இவ்வளவு கவலை வேண்டுமா என்று நிதித் துறைக்காரர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இரண்டு பதில்கள் உண்டு. மின்வேலியில் விழும் யானை வயலோரத்தில் கிடக்கும், ஊரே கூடிவிடும். தண்டவாளத்தில் இறக்கும் யானையை மறைக்க வழியில்லை. வேட்டையில் விழும் யானையோ, யாரும் போகாத சரிவில் சோலைக்குள் கிடக்கிறது. மாதக் கணக்கில் யாரும் அந்தப் பக்கம் போகாவிட்டால் எலும்புதான் மிஞ்சும். எலும்பை வைத்துக்கொண்டு எப்படி இறந்தது என்று சொல்வது எளிதல்ல. ஆகவே 392 என்பது கிட்டத்தட்ட முழுக் கணக்கு. 50 என்பது கண்ணில் பட்டவற்றின் கணக்கு.

இரண்டாவது பதில் இதைவிடக் கனமானது. ஆப்பிரிக்க யானைகளைப் போலன்றி, ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே வெளியே நீளும் தந்தம். ஆண்களிலும் மக்னா எனப்படும் தந்தமில்லா யானைக்குக் கிடையாது. எனவே வேட்டைக்காரன் கூட்டத்தைக் குறைப்பதில்லை, கூட்டத்திலிருந்து வளர்ந்த கொம்பன்களை, அதாவது தந்தமுள்ள ஆண்களை மட்டும் உருவி எடுக்கிறான். தலை எண்ணும் கணக்கெடுப்பில் இது தெரியவே தெரியாது. பெரியாறு காட்டில் 1980களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண்கள் நூறுக்கும் மேல் என்ற நிலை வந்தது. 1960களின் இறுதியில் இது ஆறுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த காடு. பெண் யானைகள் கண்ணுக்கு நிறைவாக மேய்ந்துகொண்டிருந்தன, படகில் போன சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள்தான் இல்லை. சினைக்காலம் வந்தும் இணை கிடைக்காத காடு அது. பத்துக் கொம்பன்கள் போனால் ஒரு சிறிய யானைத் தொகுதியின் இருபது ஆண்டுகள் போய்விடும்.

முகாமும் கூலியும்

வேட்டைத் தடுப்பு முகாம் என்றால் பெரும்பாலும் இரண்டு அறைக் கட்டடம். யானை நெருங்காதபடி சுற்றிலும் அகழி, கூரையில் ஒரு சூரியத் தகடு, உள்ளே வயர்லெஸ் கருவி, அரிசி மூட்டை, பருப்பு, மழைக்கோட்டுகள். நான்கைந்து பேர் தங்குவார்கள். பலரும் அந்தந்தக் காட்டின் பழங்குடிகள்: முதுமலையில் இருளர், குறும்பர், ஆனைமலையில் காடர், மலசர், பெரியாறில் பளியர், மன்னான். காலையில் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார்கள். யானைச் சாணத்தின் ஈரத்தைப் பார்த்தால் கூட்டம் எப்போது கடந்தது என்று தெரிகிறது. மரத்தில் உரசிய சேற்றின் உயரம் அது எவ்வளவு பெரிய ஆண் என்று சொல்கிறது. ஓடைக்கரையில் மூன்று கல் கூட்டிய அடுப்பும் பக்கத்தில் பீடித் துண்டும் கிடந்தால், அன்றைக்கு நடை வேறு திசையில் போகும்.

இந்த நடை ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் தந்தத்திலேயே இருக்கிறது. அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டை ஓட்டுக்குள் புதைந்திருக்கிறது. உடனே எடுக்க வேண்டுமென்றால் முகத்தைக் கோடரியால் பிளக்க வேண்டும். பல கும்பல்கள் அதைச் செய்வதில்லை. உடல் அழுகும் வரை சில நாட்கள் விட்டுவைத்து, பிறகு வந்து உருவிக்கொள்கின்றன. அதாவது கொன்றவன் திரும்பி வந்தாக வேண்டும். ஒரே தடத்தில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆள் நடந்தால் அந்த இடைவெளியில் சிக்குவான். மாதம் ஒருமுறை நடந்தால் எலும்பும் கழுகு எச்சமும்தான் கிடைக்கும். வயதாகியோ சண்டையிலோ இயற்கையாகச் சாகும் கொம்பனின் தந்தத்தையும் முதலில் போய்ச் சேருகிறவர் யார் என்பதுதான் தீர்மானிக்கிறது. அதே கால்கள்தான் காட்டோர வயலில் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியையும் கண்டுபிடிக்கின்றன. மேலே சொன்ன 528 கணக்கில் ரயிலைத் தவிர மற்ற மூன்றுக்கும் இந்த ஒரே கூலி பதில் சொல்கிறது. வேறு எந்தச் செலவுக்கும் இந்தக் குணம் இல்லை.

செலவு எவ்வளவு? முகாமுக்கு ஐந்து பேர், தலைக்கு மாதம் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய். உணவு, மருந்து, காலணி தனி. பத்து முகாம் உள்ள கோட்டத்துக்கு ஒரு கோடியைத் தொடும்.

இனி என் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். பணம் நின்றால் முகாம் என்ன ஆகும்? இந்தக் காவலர்களில் பெரும்பாலோர் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். தமிழ்நாட்டில் இவர்களை வெளி முகமை வழியாக எடுக்கும் யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். கூலி இரண்டு மாதம் தள்ளிப்போனால் குடும்பம் அடிவாரக் கடையில் பற்று வைத்துச் சாப்பிடுகிறது. மூன்றாவது மாதம் கடைக்காரர் முகம் மாறும். நான்காவது மாதம் ஆள் தேயிலைத் தோட்டத்துக்கோ ஏலக்காய் எடுக்கவோ போய்விடுவார். போனால்கூடப் பரவாயில்லை. போகாமல் கடனோடு முகாமிலேயே இருப்பவரிடம் யாராவது ஒரு நாள், ‘அந்தப் பெரிய கொம்பன் இப்போது எந்தப் பக்கம் மேய்கிறது?’ என்று போனில் கேட்டால்? நாட்டுத் துப்பாக்கி எங்கும் கிடைக்கும். கிடைக்காதது அந்தத் தகவல்தான். அதை வைத்திருப்பவருக்கு நாம் மூன்று மாதம் கூலி தராமல் இருக்கிறோம். ஆயிரத்தில் ஒருவர்கூட விலை போகாமல் இருப்பது அவர்களுடைய நேர்மை. நிர்வாகத்துக்கு அதில் பங்கு ஏதும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தவணை வராத ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான காலமும் மேற்குச் சரிவில் மழை கொட்டும் காலமும் பெருமளவு ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஓடைகள் பெருகித் தடங்கள் அறுந்து, அட்டைக் கடியோடு நடக்க வேண்டிய மாதங்கள் அவை. துப்பாக்கிச் சத்தத்தை மழை விழுங்கிவிடும், காலடித் தடத்தைக் கழுவிவிடும். காட்டில் கண்காணிப்பு தானாகவே குறையும் நேரத்தில்தான் கூலியும் இருக்காது.

பணம் குறையாத இடத்தில் காவல் என்ன செய்யும் என்பதற்குச் சாட் நாட்டின் சக்கூமா தேசியப் பூங்கா நல்ல எடுத்துக்காட்டு. 2002இல் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த யானைகள் 2010இல் சுமார் 450 ஆகச் சுருங்கின. அந்த ஆண்டு ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு நிர்வாகத்தை ஏற்று, ரோந்தை முழுக்க மாற்றியமைத்த பிறகு கொலை ஏறக்குறைய நின்றது. 2012இல் ஆறு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட விலையும் அதில் அடக்கம். ஆனால் அது நன்கொடையின் பலத்தில் நிற்கும் கோட்டை. 2025இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, ஆப்பிரிக்காவின் பல காடுகளில் ரோந்துச் செலவுக்கே திண்டாட்டம் வந்ததைப் பார்த்தோம்.

துப்பும் வழக்கும்

2015இல் கேரளத்தின் மலையாற்றூர் வனக் கோட்டத்தில் வெடித்த இடமலையாறு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா அதைக் கண்டுபிடிக்கவில்லை, ரோந்தும் கண்டுபிடிக்கவில்லை. கும்பலோடு காட்டுக்குள் போய்வந்த ஒருவரே வந்து ஒப்புக்கொண்டதுதான் தொடக்கம். முதலில் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோண்டத் தொடங்கியதும் நூல் திருவனந்தபுரத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் நீண்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் குற்றம்சாட்டப்பட்டார்கள். டெல்லியில் ஒரு வியாபாரியிடம் மட்டும் 400 கிலோவுக்கும் மேல் தந்தமும் தந்தப் பொருட்களும் பிடிபட்டன. அதுவரை அந்தக் காட்டின் பதிவேட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது என்பதைத்தான் நான் மறக்க விரும்பவில்லை.

துப்புக்கு ஆகும் செலவு சிறியது: பஸ் கட்டணம், போன், தகவல் சொன்னவருக்குப் பரிசு, சில அதிகாரிகளின் தூக்கம். பலனோ பெரியது. காட்டில் சுடுகிறவன் இந்தச் சங்கிலியில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவன். அவனைப் பிடித்தால் அடிவாரத்தில் இன்னொருவன் கிடைப்பான். முன்பணம் கொடுத்து அனுப்பும் தரகரும், செதுக்கி விற்கும் வியாபாரியும் அகப்பட்டால் பல காடுகளுக்கு ஒரே நேரத்தில் மூச்சு வரும். கொம்பன் ஒரு மாநிலத்தில், ஆள் இன்னொரு மாநிலத்தில், சந்தை மூன்றாவதில் என்று இருப்பதால்தான் 2007இல் ஒன்றிய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. தமிழ்நாடு, கேரள எல்லையிலான வேட்டை வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டி வந்ததும் அதே காரணத்தால்தான்.

பலவீனம் பிடிப்பதில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. யானை 1977 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். தாளில் பல் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கை நீதிமன்றத்தில் தொடுப்பது வனத்துறையே. உதவி வனப் பாதுகாவலர் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்குச் சட்டம் சாட்சிய மதிப்புத் தருகிறது, அதைச் சரியாகப் பதிவு செய்யப் பழகியவர்கள் குறைவு. வாய்தாவுக்கு வாய்தா வனவரும் வனக் காப்பாளரும் ஊர் நீதிமன்றத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாளில் அவர்கள் ரோந்து பார்க்க வேண்டிய பீட்டில் ஆள் இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய ரேஞ்சர் அதற்குள் மூன்று மாவட்டம் மாறியிருப்பார்.

பணம் நின்றால்? இந்த ஏற்பாடு ஓரளவு தாங்கும். தகவல் சொல்கிறவர் மாதச் சம்பளத்துக்குச் சொல்வதில்லை. ஒரு அதிகாரியின் மேல் வைத்த நம்பிக்கையில் சொல்கிறார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும் நாளில்தான் அது செத்துப்போகிறது. நிதியால் தீர்க்கக்கூடியது இதில் கொஞ்சம் மட்டுமே: பல கோட்டங்கள் சேர்ந்த வன வட்டத்துக்கு ஒரு வழக்கறிஞர், வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு எழுத்தர், சாட்சிகளுக்குப் பயணப்படி. இந்த மூன்றும் ஒரு ஜீப்பின் விலையைத் தாண்டாது. ஆனாலும் ஜீப்புக்குக் கிடைக்கும் ஒப்புதல் எழுத்தருக்குக் கிடைப்பதில்லை.

பெரியாறு வழி

பெரியாறு ஒரு விசித்திரமான சோதனைச்சாலை. 1990களின் பிற்பகுதியில் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் கொடுத்த பணத்தில் ‘இந்தியா சூழல் மேம்பாட்டுத் திட்டம்’ அங்கே நடந்தது. குமுளியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உருவாயின. அவற்றில் புகழ்பெற்றது வயணா பட்டை திருடிக்கொண்டிருந்தவர்களின் குழு. காட்டு இலவங்கத்தின் பட்டையை இரவில் உரித்துக் கடத்தி, வழக்குகளைச் சுமந்து திரிந்த இருபத்துச் சொச்சம் பேர், வழக்குகளிலிருந்து விடுவிப்பு என்ற உடன்பாட்டில் 1998இல் காவல் பக்கம் வந்தார்கள். எந்த ஓடை வழியாகச் சரக்கு இறங்கும், எந்தப் பாறைக்குக் கீழே இரவு தங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பட்டை திருடப் போன அதே தடங்களில் இன்று பயணிகளைக் கூட்டிக்கொண்டு நடந்து, கூடாரம் போட்டு, சமைத்துக் கொடுத்து, அதோடு ரோந்தும் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மலையேறி வேட்டைக்குப் போனவர்களைக் கொண்டு ‘விடியல்’ என்ற குழுவும் அமைந்தது. அடிவாரக் கிராமங்களில் இதை இன்னும் சிலர் முகம் சுளித்துச் சொல்கிறார்கள்: திருடியவனுக்கு வேலை, திருடாதவனுக்கு ஒன்றுமில்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த வழியைப் பின்பற்ற விரும்பும் கோட்டம் முதல் நாளே அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 2004. உலக வங்கித் திட்டம் முடிந்த ஆண்டு அது. இந்தியாவில் வெளிநாட்டுத் திட்டம் முடிந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: பெயர்ப் பலகை துருப்பிடிக்கும், ஜீப் கொட்டகையில் நிற்கும். பெரியாறில் அது நடக்கவில்லை. பணம் நிற்பதற்கு முன்பே பெரியாறு ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை அமைத்து, நுழைவுக் கட்டணத்தோடு பயணிகளிடம் ஒரு சூழல் மேம்பாட்டுக் கட்டணமும் வாங்கி அதில் சேர்த்தார்கள். அரசுக் கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டாத பணம் அது. இன்று ஒவ்வொரு புலிகள் காப்பகமும் இப்படியொரு அறக்கட்டளை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2006 திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு அது. என் அளவுகோலில் வெளி நிதி நின்றும் உயிரோடு இருந்த ஒரே வழி இதுதான்.

இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு இடங்களில் நிற்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் காட்டுக் கதவுகள் மூடப்பட்டபோது, டிக்கெட் வருமானம் ஒரே நாளில் பூச்சியமானது. பருவமழையிலும் பயணிகள் குறைவு. அரசுத் தவணை வராத அதே மாதங்கள். அதனால் அறக்கட்டளைக்குச் சேமிப்பு இருந்தால்தான் அது காப்பு; வந்ததை வந்தபடி செலவழித்தால் அதுவும் இன்னொரு தவணையே. அடுத்து, இந்த வழிக்குத் தேக்கடி ஏரி வேண்டும். படகு, ஹோட்டல், வெளிநாட்டுப் பயணி வேண்டும். மலையின் இந்தப் பக்கம் வருசநாடு, மேகமலை வரை யார் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்? 2021இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் பெரியாறைவிடப் பரப்பில் பெரியது; வருமானத்தில் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பெரியாறில் ‘வசந்த சேனை’ என்று பெண்கள் முறை வைத்துக் கூலியில்லாமல் காட்டோரத்தில் ரோந்து போகிறார்கள். எல்லோரும் அதைப் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான். ஆனால் பணப் பற்றாக்குறைக்குத் தீர்வாக அதை யாராவது முன்வைத்தால் எனக்கு உறுத்தும். பெண்களின் இலவச உழைப்பு ஒரு நிதித் திட்டமாகிவிடக் கூடாது.

கேமராவும் செயற்கை நுண்ணறிவும்

கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாடு உண்மையிலேயே நல்லது. தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள், வெப்பத்தை உணரும் கேமராக்கள், யானை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை. செலவு 7.24 கோடி ரூபாய். 2008 முதல் அந்த இடத்தில் 11 யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்திருந்தன. ஆபத்து வரும் இடம் தெரியும், அது சில கிலோமீட்டர் நீளம், மின்சாரம் உண்டு, ஆள் உட்கார்ந்து பார்க்கக் கட்டுப்பாட்டு அறை உண்டு. அங்கே இயந்திரம் மனிதனைவிட மேல்.

இதைப் பார்த்துவிட்டு வேட்டைக்கும் அதையே செய்யலாம் என்று புறப்படுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. வேட்டைக்காரனுக்குத் தண்டவாளம் கிடையாது. ஆயிரம் சதுர கிலோமீட்டர் மழைக்காட்டில் அவன் எந்தச் சரிவில் இறங்குவான் என்று யாருக்குத் தெரியும்? ட்ரோனுக்கு மர விதானத்துக்குக் கீழே கண் தெரியாது. கேமராவின் பேட்டரியை மாற்றவும், லென்ஸில் படிந்த பூஞ்சையைத் துடைக்கவும் அதே காவலர்தான் நடந்து போக வேண்டும். அவருக்குத்தான் கூலி இல்லையே. 7.24 கோடி என்பது மேலே நான் போட்ட கணக்கில் எண்பது முகாம்களின் ஓராண்டுக் கூலி. பணம் நின்றால் கேமரா மரத்திலேயே தொங்கும், ஆண்டறிக்கையிலும் இருக்கும். அதனால்தான் அது நிர்வாகத்துக்குப் பிடிக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

காவலரின் ஆண்ட்ராய்டு போனில் நடந்த தடத்தைப் பதிவு செய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி இதில் விதிவிலக்கு. எந்தத் தடத்தில் எத்தனை நாளாக யாரும் நடக்கவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். இருக்கும் ஐந்து பேரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க அது போதும்.

தந்தக் கிடங்கை விற்றுக் காட்டைக் காக்கலாம் என்ற வாதத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இந்தியச் சட்டம் அதற்கு இடம் தராது. சட்டம் இடம் தந்த, ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியிலுள்ள நான்கு நாடுகள் 2008இல் நூறு டன்னுக்கும் மேல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்று வாங்கியது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் வேட்டை உச்சத்துக்குப் போனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தத் தொகைக்காக அந்தச் சந்தேகத்தைச் சுமக்க நான் தயாரில்லை.

என் வரிசை

புலிகள் காப்பகமாக இருந்தால் முடிவு எளிது. அறக்கட்டளை இருக்கிறது, கொஞ்சமாவது சுற்றுலா வருமானம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்து ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான கூலிக்கு ஒதுக்குவது முதல் வேலை. இரண்டாவது, மேலே சொன்ன வழக்கறிஞரும் எழுத்தரும். பிறகு பழைய வேட்டைக்காரர்களின் குழு. கேமரா கடைசியில், அதுவும் நுழைவாயில், பாலம், தண்டவாளம் என்று ஆபத்து வரும் வழி தெரிந்த இடத்தில் மட்டும்.

சிக்கல் மற்றக் காடுகளில். யானைகள் காப்பகம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1992இல் தொடங்கிய யானைகள் திட்டத்தின்கீழ் அறிவிக்கப்படும் காப்பகத்துக்கு, புலிகள் காப்பகத்துக்கு உள்ளதைப் போன்ற சட்ட அடித்தளம் கிடையாது; அறக்கட்டளை அமைக்கும் கட்டாயமும் கிடையாது. இடமலையாறு வழக்கு வெடித்த மலையாற்றூர் சாதாரண வனக் கோட்டம்தான். ஓசூர், கோவைக் கோட்டங்களும் அப்படியே. யானைகளோ எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை. இந்தக் கோட்டங்களில் நான் பெரியாறைக் காப்பியடிக்கச் சொல்லமாட்டேன்; அதற்கான டிக்கெட் வருமானம் அங்கே இல்லை.

அங்கே தேவைப்படுவது புதிய பணம்கூட அல்ல, இடைக்காலப் பணம். பத்து முகாம்களுக்கு நான்கு மாதக் கூலி 30 லட்சம் ரூபாய். அரசுத் தவணை வந்ததும் அது திரும்பிவிடும், அடுத்த ஏப்ரலில் மறுபடி வெளியே போகும். இப்படி ஒரு சுழல் நிதியை, மாவட்ட அளவில் ஒரு அறக்கட்டளையின் கணக்கில், வன அதிகாரியும் காவலர்களின் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு வைத்தால், கொடுத்த தொகை பல ஆண்டுகள் வேலை செய்யும். கேமராவுக்குக் கொடுக்கும் 30 லட்சத்துக்கு இந்த ஆயுள் இல்லை. தணிக்கைத் துறை கேள்வி கேட்கும் என்பார்கள். கேட்கட்டும், முன்பணத்துக்கும் திருப்பிச் செலுத்தியதற்கும் ரசீது இருக்கும்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி அதிகாரிகள் ஆண்டுதோறும் வனத்துறை வாசலில் வந்து நின்று ஜீப் வேண்டுமா, கேமரா வேண்டுமா, ட்ரோன் வேண்டுமா என்று கேட்பார்கள். அவர்களிடம் ஜூன் மாதக் கூலியை ஏற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தயங்குவார்கள், கூலியின் மேல் நிறுவனத்தின் பெயரை எழுத இடம் கிடையாது. தயங்காத ஒருவர் கிடைத்தால், ஓராண்டுக்கு வேண்டாம், ஐந்தாண்டுக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.